விழுந்தவரை எழுப்புவது யார் வேலை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். தர்மபுரியில் கல்லூரி விடுதி அறையில் நால்வர் ஆட, ஒருவர் டிஎம்மாக, அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக இருக்க, பகடை உருட்டி வேடம் ஏற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறீர்கள். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நீங்கள் மூன்றாம் லெவல் கிளெரிக், கடவுள் அருளால் மந்திரம் போடும் வேடம். சண்டை தொடங்கிவிட்டால் உங்கள் முறை வரும்போதெல்லாம் யாருக்காவது காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. போடாவிட்டால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இணையத்தில் தேடினால், சண்டைக்குள் ஹீல் செய்வதே வீண், ஆள் விழுந்த பிறகு எழுப்பினால் போதும் என்று அடித்துச் சொல்கிறார்கள். எது சரி, வேடத்தையே மாற்றிவிடலாமா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று கணக்கு: எப்போது ஹீல் செய்தால் லாபம்? இன்னொன்றை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடைசி வரியில் தெரிகிறது. அந்த மேசையில் நானும் ஒரு ஆட்டக்காரனா, இல்லை மற்றவர்கள் அடிவாங்கி வந்தால் கட்டுப்போடும் ஆளா? முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது பாதி தீரும். மீதிப் பாதியை உங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அதையும் சொல்கிறேன்.

நான் காவேரிப்பட்டினம் பக்கம் கணக்கு வாத்தியார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் பதினோரு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். பெரும்பாலும் டிஎம்மாக, நடுவில் இரண்டு ஆண்டுகள் கிளெரிக்காக. எங்கள் கதைகள் எட்டாம் லெவலுக்கு மேல் போனது அரிது. ஆகவே நான் சொல்வது சிறிய, நடுத்தர லெவல்களுக்குப் பொருந்தும். பதினொன்றாம் லெவலில் கிளெரிக்குக்கு ஹீல் என்ற பெயரிலேயே ஒரு மந்திரம் கிடைக்கும். பகடையே உருட்டாமல் 70 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, தரும் அதை வைத்து ஆடும் சண்டைகளின் கணக்கு வேறு.

முதலில் உறுதியான எண்களைப் பார்ப்போம். கிளெரிக்கின் மந்திர வலிமையைத் தீர்மானிக்கும் உங்கள் விஸ்டம் 16, அதனால் சேரும் புள்ளி 3 என்று வைத்துக்கொள்கிறேன். முதல் லெவல் ஸ்லாட்டில், அதாவது ஒரு மந்திரம் போடும் வாய்ப்பில், க்யூர் வூண்ட்ஸ் போட்டால் ஒரு எட்டு முகப் பகடையும் 3-ம், சராசரி ஏழரை. எதிரே ஓகர் என்ற பூதம் ஒன்று நிற்கிறது. அதன் தடி விழுந்தால் இரண்டு எட்டு முகப் பகடையும் 4-ம், சராசரி 13. உங்கள் ஃபைட்டரின், அதாவது வாள்வீரன் வேடக்காரரின், கவச எண் 16 என்றால், இருபது முகப் பகடையோடு 6 கூட்டி அதை எட்ட வேண்டிய ஓகருக்கு நூற்றில் 55 முறை அடி விழும். தவறும் அடிகளையும் கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரி சேதம் ஏறத்தாழ 7.6. அதாவது ஒற்றை ஓகருக்கு எதிராக உங்கள் க்யூர் வூண்ட்ஸ் சரிக்குச் சரியாக நிற்கிறது. ‘ஹீல் ஒருபோதும் சேதத்தை எட்டிப் பிடிக்காது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் சரிக்குச் சரி என்பதே நமக்கு நட்டம்தான். மூன்றாம் லெவல் கிளெரிக்கிடம் முதல் லெவல் ஸ்லாட் நான்கு, இரண்டாம் லெவல் ஸ்லாட் இரண்டு, மொத்தம் ஆறு. ஓகரின் தடிக்குக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு சுற்றும் நீங்கள் ஒரு ஸ்லாட்டும் ஒரு முறையும் செலவழிக்கிறீர்கள், அது எதையும் செலவழிப்பதில்லை. இரண்டு ஓகர் வந்துவிட்டால் சமநிலையும் போயிற்று. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஹிட் பாயிண்ட்டை அல்ல, முறையை. சண்டைக்குள் போடும் ஹீல் எத்தனை புள்ளி ஏற்றியது என்பது இரண்டாம் பட்சம். நம் ஆள் ஒருவருக்கு இழக்கவிருந்த ஒரு முறையைக் காப்பாற்றிக் கொடுத்ததா, இல்லையா? அதுதான் அளவுகோல். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். எனக்கே முதல் தடவை கணக்குப் போட்டபோது வியப்பாக இருந்தது. ஃபைட்டரிடம் 6 ஹிட் பாயிண்ட் மிச்சம். ஓகரின் மிகக் குறைந்த அடியே 6. ஆக, எந்த அடி விழுந்தாலும் ஆள் சாய்வார். நீங்கள் சராசரியாக ஹீல் செய்து 13 அல்லது 14-க்கு ஏற்றினால், விழும் அடியில் ஏறத்தாழ பாதி அவரைச் சாய்க்கும். நூற்றை ஐம்பதாக்கினீர்கள். இப்போது அதே ஃபைட்டர் 12-ல் இருக்கிறார் என்று வையுங்கள். கிரிட்டிக்கலைத் தள்ளிவைத்துப் பார்த்தால், விழும் அடியில் நூற்றுக்கு 67 அவரைச் சாய்க்கும். இங்கே ஹீல் செய்து 19, 20-க்கு ஏற்றினால் அது 5 அல்லது அதற்கும் கீழே போய்விடுகிறது. பார்த்தால் 6-ல் இருப்பவர்தான் பரிதாபமாகத் தெரிகிறார், கையும் அவரை நோக்கித்தான் போகிறது. ஆனால் அதே மந்திரம் 12-ல் இருப்பவருக்கே அதிகம் உதவுகிறது. அதனால் எங்கள் மேசையில் ‘எத்தனை மிச்சம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘அடுத்த அடி தாங்குமா?’ என்று கேட்கப் பழகினோம். ஹீல் செய்தாலும் தாங்காது என்றால் அந்த ஸ்லாட்டை வேறு எதற்காவது வையுங்கள். ஹீல் செய்யாமலே தாங்கும் என்றாலும் அப்படித்தான். செய்தால் தாங்கும், செய்யாவிட்டால் தாங்காது என்ற அந்த நடுவிடம்தான் க்யூர் வூண்ட்ஸுக்கு உரிய இடம்.

சரி, ஆள் விழுந்தே விட்டார். இப்போது என்ன? இங்கே விதி தெளிவாக இருக்கிறது. பூஜ்யத்துக்கு வந்தவர் தன் முறை வரும்போது இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், இதுதான் டெத் சேவ். 10-க்கு மேலோ சமமாகவோ வந்தால் ஒரு வெற்றி, கீழே போனால் ஒரு தோல்வி. மூன்று வெற்றியில் நிலைபெறுவார், மூன்று தோல்வியில் இறப்பார். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்ட்டோடு எழுந்துவிடுவார். யாரும் தொடாமல், அடிக்காமல் அப்படியே விட்டால் இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40. ஆனால் அந்த 40 உடனே வருவதில்லை. மேலும் அடி விழாதவரை முதல் உருட்டலில் யாரும் சாவதில்லை. விழுந்தவுடன் மேசையில் எழும் அந்தப் பதற்றம் இருக்கிறதே, அதற்கு விதியில் இடமில்லை. உங்களுக்குக் குறைந்தது ஒரு சுற்று கையில் இருக்கிறது.

இதற்காகவே இருக்கிறது ஹீலிங் வேர்ட் மந்திரம். ஒரு நான்கு முகப் பகடையும் 3-ம், சராசரி ஐந்தரைதான். ஆனால் 60 அடி தூரத்திலிருந்து ஒரு சொல்லால் போடலாம், முறையில் உள்ள சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் மட்டுமே செலவு. உங்கள் முதன்மை ஆக்‌ஷன் மிச்சமிருக்கும். 2014 விதிப்படி அதே முறையில் இன்னொரு ஸ்லாட் மந்திரம் போட முடியாது, ஆனால் சேக்ரட் ஃபிளேம் போன்ற கேன்ட்ரிப், அதாவது ஸ்லாட் செலவில்லாத மந்திரம், போடலாம், கதாயுதத்தால் அடிக்கலாம். ஐந்தரைப் புள்ளிக்கு ஒரு ஃபைட்டரின் முழு முறை திரும்பக் கிடைக்கிறது. ‘விழுந்த பிறகு எழுப்பு’ என்ற அறிவுரை பிறந்த இடம் இதுதான். இந்த அளவில் அது உண்மை.

அது பொய்யாகும் இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாடியில் அது கண்ணெதிரே நடந்தது. எங்கள் கதை அப்போது பழைய தகடூர் நாட்டைப் போன்ற ஒரு நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆநிரை கவர வந்த கூட்டத்தோடு ஓர் ஓகர். கிளெரிக்காக ஆடியவர் ஓசூரில் ஷிஃப்ட் வேலை முடித்து, தூங்காமல் நேராகப் பேருந்து ஏறி வந்திருந்தார். முறை வரிசை இப்படி: கிளெரிக், ஓகர், திருடன் வேடக்காரர், ஃபைட்டர். ஃபைட்டர் விழுந்தார். கிளெரிக் உடனே ஹீலிங் வேர்ட் போட்டார், ஃபைட்டர் 6 ஹிட் பாயிண்ட்டோடு கண் திறந்தார். அடுத்த முறை யாருடையது? ஓகருடையது. தரையில் கிடப்பவரை நெருங்கி அடிப்பவருக்கு அட்வான்டேஜ் உண்டு, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். தடி இறங்கியது, ஃபைட்டர் மறுபடி பூஜ்யம். அவர் முறை வந்தபோது செய்ய முடிந்தது டெத் சேவ் மட்டும். அடுத்த சுற்றிலும் இதே. மூன்றாவது சுற்றிலும் இதே. மூன்று ஸ்லாட் போயிற்று, அந்த ஃபைட்டர் வாளை ஒரு தடவைகூட வீசவில்லை. கிளெரிக் தன் கடமையை ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தார். நானும் டிஎம்மாக அங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். ஓகருக்கும் ஃபைட்டருக்கும் நடுவில் திருடன் வேடக்காரர் இருந்தார். அவர் இடுப்பில் ஹீலிங் போஷன் ஒன்று இருந்தது. இரண்டு நான்கு முகப் பகடையும் 2-ம், சராசரி 7. அவர் தன் ஆக்‌ஷனில் அதை ஃபைட்டரின் வாயில் ஊற்றியிருந்தால், அடுத்த முறை ஃபைட்டருடையது. எழுந்து நிற்கப் பாதி நடை செலவாகும், போகட்டும், வாளை வீசியிருப்பார். கிளெரிக்கோ ஓகரின் முறைக்கு முன்பே அதன் மேல் கட்டளையிடும் மந்திரமான கமாண்ட் போட்டு ‘மண்டியிடு’ என்றிருக்கலாம். ஓகரின் விஸ்டம் 7, பகடையில் 2 குறையும். உங்கள் கிளெரிக்கின் சேவ் எண், அதாவது தப்பிக்க அது எட்ட வேண்டிய எண், 13. நூற்றுக்கு 70 வாய்ப்பு, அது தன் முறையைத் தரையில் விழுந்தே கழித்திருக்கும், நெருங்கி நின்று அடிக்கும் எல்லோருக்கும் அட்வான்டேஜும் கிடைத்திருக்கும். ஆக, விழுந்தவரை எழுப்ப வேண்டியவர் யார் என்பதை வேடம் முடிவு செய்வதில்லை. எதிரியின் முறைக்கும் விழுந்தவரின் முறைக்கும் நடுவில் யாருடைய முறை இருக்கிறதோ, அவர்தான் அந்தச் சுற்றுக்கு ஹீலர். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோர் பெயரையும் அட்டைச் சீட்டில் எழுதி, முறை வரிசைப்படி மேசை ஓரத்தில் சாய்த்து நிறுத்திவிடுகிறோம். பார்த்தாலே தெரியும், யார் கைக்குப் போஷன் போக வேண்டும் என்று.

விழுந்து எழுந்து விழுந்து எழுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நினைவிழந்தவரை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால் அந்த அடி கிரிட்டிக்கல், அதற்கு இரண்டு டெத் சேவ் தோல்வி. இரண்டு அடி விழுந்தால் கதை முடிந்தது. பசியெடுத்த ஓநாய் விழுந்தவரை இழுத்துக்கொண்டு போகுமா, கூலிப்படை வீரன் ‘இவன் மறுபடி எழுவான்’ என்று தெரிந்துகொண்டு கழுத்தைக் குறிவைப்பானா என்பதற்குப் புத்தகத்தில் விதி இல்லை. அது உங்கள் டிஎம்மின் கையில். அதனால்தான் இணையத்தில் ஒருவர் சொல்லும் அனுபவம் இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை. விழுந்தவரைத் தொடாத டிஎம்மிடம் ஆடுபவருக்கு எழுப்பினால் போதும். தொடுகிற டிஎம்மிடம் விழவிடவே கூடாது. உங்கள் டிஎம் எந்த வகை என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள், அதில் தவறே இல்லை. என்னிடம் கேட்டால் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: விலங்கு அடுத்த ஆளைப் பார்க்கும், கிளெரிக் ஒரு தடவை எழுப்பியதைக் கண்ணால் கண்ட புத்தியுள்ள எதிரி இரண்டாம் தடவை விடமாட்டான்.

பதிப்பும் முக்கியம். இந்த ஆட்டம் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டபோது முதல் லெவல் கிளெரிக்குக்கு மந்திரமே கிடையாது, இரண்டாம் லெவலில்தான் முதல் மந்திரம். அடுத்து வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் படுத்து ஓய்வெடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு ஹிட் பாயிண்ட் ஏறும். ஃபைட்டர் 20 புள்ளி இழந்தால் மூன்று வாரம் படுக்கை. அந்தக் காலத்தில் கிளெரிக்கின் பெருமை சண்டைக்குள் அல்ல, மறுநாள் காலையில் எல்லோரையும் நடக்க வைப்பதில் இருந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு, கிளெரிக் தயாரித்து வைத்த ஏறத்தாழ எந்த மந்திரத்தையும் அந்த நேரத்தில் ஹீலாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. ஹீலை மட்டுமே தயாரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான். 750 பொற்காசுக்கு 50 தடவை பயன்படும் ஹீல் கோல் ஒன்றும் அதில் இருந்தது. குழுக்கள் அதை வாங்கிச் சண்டை முடிந்ததும் வரிசையாகத் தட்டிக்கொண்டார்கள். 2008-ன் நான்காம் பதிப்பு இன்னும் மேலே போய், ஒவ்வொரு வீரனின் உடம்புக்குள்ளேயே ஹீலிங் சர்ஜ் என்று இருப்பு வைத்தது. கிளெரிக் அதைத் தூண்டிவிடுபவர் மட்டும், அதுவும் மைனர் ஆக்‌ஷனில், அடிப்பதையும் விடாமல். நீங்கள் இன்று எழுதிய குறை ஐம்பது ஆண்டுகளாக எல்லா மேசைகளிலும் எழுந்த குறை. ஒவ்வொரு பதிப்பும் அதற்கு ஒரு வழி தேடிப் பார்த்திருக்கிறது.

2024-ல் வந்த புதிய புத்தகத்தில் க்யூர் வூண்ட்ஸ் இரண்டு எட்டு முகப் பகடையாகவும், ஹீலிங் வேர்ட் இரண்டு நான்கு முகப் பகடையாகவும் கூடிவிட்டன. உங்கள் விஸ்டத்தோடு சேர்த்தால் சராசரி 12-ம் 8-ம். போஷனைக் குடிக்கவோ ஊட்டவோ போனஸ் ஆக்‌ஷன் போதும். அந்த விதிக்கு மாறினால் விழும் முன்பே ஹீல் செய்வது இன்னும் நிறைய இடங்களில் சரியாகிவிடும், 2014-க்காக எழுதப்பட்ட ‘சண்டையில் ஹீல் வீண்’ என்ற வாதம் அங்கே பலவீனம். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு ஆடுகிறவர்கள் அந்த வாதத்தை அறவே மறக்க வேண்டும். 2019-ல் வந்த அந்த ஆட்டத்தில் ஒரு தடவை விழுந்து எழுந்தவருக்குக் காயம்பட்ட நிலை ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை விழும்போது சாவுக்கு ஒரு படி நெருங்கியே விழுவார். அங்கே விழவிட்டு எழுப்புவது தற்கொலை. பதிலுக்கு ஹீல் மந்திரம் வலுவானது: இரண்டு ஆக்‌ஷன் செலவழித்தால் 30 அடி தூரத்திலிருந்து ஒரு எட்டு முகப் பகடையும் 8-ம். புத்தகம் வாங்க வசதி இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 2014 ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் இங்கே சொல்லும் கிளெரிக் மந்திரங்கள் எல்லாம் அதிலேயே உள்ளன. திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. உண்மையான ஹீலிங் நடக்க வேண்டிய நேரம் சண்டை முடிந்த பிறகு. தகடூர்ப் போர்க் காலத்துப் புலவர் அரிசில் கிழார் பாடிய ஒரு புறநானூற்றுப் பாடலில், போரில் புண்பட்டு வந்த தலைவனை வீட்டில் வைத்துக் காக்கிறார்கள். வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை இட்டு, யாழ் இசைத்து, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருக்கிறார்கள். போர்க்களத்தின் நடுவில் யாரும் மருந்து போடவில்லை. உங்கள் இரண்டாம் லெவல் மந்திரங்களில் பிரேயர் ஆஃப் ஹீலிங் என்று ஒன்று இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும் என்பதால் சண்டையில் உதவாது, அதனாலேயே பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஆறு பேர் வரை, ஆளுக்கு இரண்டு எட்டு முகப் பகடையும் 3-ம். நீங்கள் நால்வர் என்றால் சராசரி 48 ஹிட் பாயிண்ட். அதே ஸ்லாட்டில் க்யூர் வூண்ட்ஸ் போட்டால் ஒருவருக்கு மட்டும் 12. அது போக, ஒரு மணி நேர ஓய்வில் ஒவ்வொருவரும் தங்கள் ஹிட் டைஸை, அதாவது ஓய்வுக்கான பகடைகளை, உருட்டி, உங்கள் தயவே இல்லாமல் ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாம் லெவலில் ஆளுக்கு மூன்று பகடை இருக்கிறது. எத்தனை மேசைகளில் அவை தொடப்படாமலே கிடக்கின்றன என்பதைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். சண்டை முடிந்ததும் எல்லோரும் கிளெரிக்கின் முகத்தைப் பார்க்கிறார்கள், தங்கள் தாளைப் பார்ப்பதில்லை.

இதையொட்டி ஒரு சந்தேகத்துக்குரிய இடம். எத்தனை சண்டைக்கு ஒரு தடவை இரவு ஓய்வு கிடைக்கும் என்பதைப் பொறுத்து இந்தச் சிக்கனம் எல்லாம் மாறும். 2014 டிஎம் புத்தகம் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகளை மனதில் வைத்துக் கணக்கிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஆடும் எங்களைப் போன்ற மேசைகளில் இரண்டு சண்டை நடந்தாலே பெரிது. ஒரே ஒரு சண்டை, பிறகு தூக்கம் என்றால் ஸ்லாட்டைச் சேமித்து வைத்து யாருக்கு லாபம்? தாராளமாகச் செலவழியுங்கள். உங்கள் விடுதி ஆட்டம் எப்படி ஓடுகிறது என்பதை வைத்து நீங்களே அளந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கடைசியாக அந்த இரண்டாவது கேள்வி. உங்கள் நண்பர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு உங்கள் செலவு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எங்கள் மாடியில் அதற்கு ஒரு வழி கண்டோம். இந்தப் பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? கிளெரிக்காக ஆடுபவர் தன் ஸ்லாட் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டைகளை எடுத்துத் தன் முன்னால் வரிசையாக வைப்பார், இரண்டாம் லெவல் ஸ்லாட்டுக்குச் சுண்ணாம்பு தடவிய கொட்டை. மந்திரம் போடும்போது ஒரு கொட்டையை எடுத்து நடுவிலிருக்கும் தட்டில் போடுவார். தட்டில் விழும் அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். முதல் நாளே மாற்றம் தெரிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமலே, ஆறு கொட்டை இரண்டாகக் குறைந்ததும் ஃபைட்டராக ஆடுபவர் ‘எனக்கு வேண்டாம்ணா, நான் செகண்ட் விண்ட் போட்டுக்கிறேன், நீங்க ப்ளெஸ் போடுங்க’ என்றார். அதுவரை அவர் தன் தாளில் தானே காயம் ஆற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் என்ற வரி இருப்பதையே மறந்திருந்தார்.

கூடவே ஒரு பேச்சும் பேசிவிடுங்கள், சண்டைக்கு நடுவில் வேண்டாம், தேநீர் குடிக்கும் நேரத்தில். பொதுப் பணத்திலிருந்து ஆளுக்கு ஒரு போஷன், ஒன்று 50 பொற்காசு. வாங்கியது கிளெரிக்கின் பையில் இருக்கக் கூடாது, ஆளுக்கொன்றாக இடுப்பில் இருக்க வேண்டும். அடுத்த அடி தாங்காது என்று தெரிந்தால் பின்வாங்குவதோ, அடியைத் தவிர்க்கும் டாட்ஜ் எடுப்பதோ அவரவர் பொறுப்பு. தெரிந்தே முன்னால் போய் விழுந்தால் உங்களைக் குறை சொல்லக் கூடாது. இதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: விழுந்தவர் யாராக இருந்தாலும் டெத் சேவில் இரண்டாவது தோல்வி வந்த பிறகு அவரை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க மாட்டேன் என்று. அந்த நம்பிக்கைதான் அவர்களுக்கு வேண்டும். சுற்றுக்குச் சுற்று க்யூர் வூண்ட்ஸ் கேட்பது அந்த நம்பிக்கை இல்லாததால்தான் என்பது என் எண்ணம். இதை நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை, பார்த்துப் பார்த்துத் தோன்றியது.

வேடத்தை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு முன் தயாரிப்பு மந்திரங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஹீலிங் வேர்ட், ப்ளெஸ், கமாண்ட், கைடிங் போல்ட், ஸ்பிரிச்சுவல் வெப்பன், பிரேயர் ஆஃப் ஹீலிங். இந்த ஆறும் உங்கள் லெவலும் விஸ்டமும் தரும் எண்ணிக்கைக்குச் சரியாக வரும். உங்கள் கடவுளின் துறையான டொமைன் தரும் மந்திரங்கள் தனி. லைஃப் டொமைன் என்றால் க்யூர் வூண்ட்ஸ், ப்ளெஸ், ஸ்பிரிச்சுவல் வெப்பன் மூன்றும் தானாகவே இருக்கும், காலியாகும் இரண்டு இடங்களில் ஒன்றில் ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் வையுங்கள். முதல் சுற்றில் ப்ளெஸ், அதாவது பகடைக்குக் கூடுதல் தரும் ஆசி, மூவருக்கு. இரண்டாம் சுற்றில் ஸ்பிரிச்சுவல் வெப்பனை இறக்குங்கள், 2014 விதியில் அதற்குக் கான்சென்ட்ரேஷன், அதாவது விடாத கவனம், தேவையில்லை, ப்ளெஸ் கலையாது. மூன்றாம் சுற்றிலிருந்து உங்கள் ஆக்‌ஷனில் கதாயுதத்தாலோ சேக்ரட் ஃபிளேமாலோ அடியுங்கள், போனஸ் ஆக்‌ஷனில் அந்த ஆவி ஆயுதம் அடிக்கும், யாராவது விழுந்தால் அந்த ஒரு முறை மட்டும் போனஸ் ஆக்‌ஷன் ஹீலிங் வேர்டுக்குப் போகும். மூன்று ஆட்டம் இப்படி ஆடிவிட்டு, எந்தச் சுற்றில் யார் விழுந்தார்கள், முறை வரிசை என்னவாக இருந்தது என்று குறித்து வைத்து இங்கேயே எழுதுங்கள். அந்த வரிசையைப் பார்த்தால் எங்கே ஸ்லாட் வீணானது என்று சொல்லிவிட முடியும்.